பத்து மணி பீடி

கந்தப்பளைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராக இருந்தேன். ஒரே ஒரு நீள அறை, தகரக் கூரை, ஐந்து வகுப்பு, ஒரு டீச்சர். அறுபதுகள் தொடங்கியிருந்த சமயம். எனக்கு இருபத்திரண்டு வயது. ஒருநாள் காலை ஆபீஸ் பியூன் வந்து, தோட்டத்து மேனேஜர் துரை கூப்பிடுகிறார் என்றான். பிள்ளைகளை வாய்ப்பாடு எழுதச் சொல்லிவிட்டு ஓடினேன். துரை நல்லதுக்காக யாரையும் கூப்பிட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

ஆபீசில் துரைக்கு எதிரே கொழும்பிலிருந்து வந்த ஒரு சிங்கள டாக்டர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அந்த ஆபீசில் எனக்காக ஒருவர் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. அந்த ஒன்றுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கெட்ட மனிதராக இருந்திருந்தால் அவர்மேல் எனக்கு இவ்வளவு காலம் கோபம் நின்றிருக்காது.

தோட்டத்துப் பையன்கள் எந்த வயதில் பீடி, சிகரெட் பிடிக்கத் தொடங்குகிறார்கள், பிறகு ஏன் விட முடியவில்லை என்று அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் பையன்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. கடைக்குப் போய்ச் சாமான் வாங்குமளவு சிங்களம் தெரியும், அவ்வளவுதான். நான் பங்குச் சாமியார் சிபாரிசில் நுவரெலியா கன்னியாஸ்திரிமாரிடம் படித்தவள். இங்கிலீஷ் பேசுவேன். அதனால்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

துரை இங்கிலாந்துக்காரர். மூன்று நாள் காலையில் மட்டும் அனுமதி என்றார். கவ்வாத்து வெட்டுகிற பையன்களை இரண்டிரண்டு பேராகக் கங்காணி கூட்டி வருவார். எழுதி முடித்த தாள்களை டாக்டர் கொண்டுபோவதற்கு முன்னால் ஆபீசில் காட்டிவிட்டுப் போக வேண்டும். டாக்டர் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

கவ்வாத்து என்பது தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குகிற வேலை. கொழுந்து பறிப்பதைப் பெண்கள் செய்வார்கள். இதை ஆண்கள் செய்வார்கள். அரை அடி நீளத்தில் வளைந்த கத்தி. சரிவில் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் ஊன்றிக்கொண்டு, இடது கையால் கிளையைப் பிடித்து, வலது கையால் ஒரே வீச்சில் வெட்ட வேண்டும். இத்தனை செடி வெட்டினால்தான் ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி. பையன்களுக்கு அரைப்பேர். என் தம்பிக்கு அப்போது பதினாறு வயது. பதின்மூன்று வயதிலிருந்து அவனுக்கு அந்த வேலைதான்.

முதல் நாள் காலை பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். டாக்டர் என் மேசையில் தாள்களை அடுக்கி வைத்தார். கவ்வாத்துக் கங்காணி முதல் இரண்டு பையன்களோடு வந்து சேர்ந்தார். அவர் எங்களுக்கு அடுத்த லயத்துக்காரர், அடுத்த வரிசை வீடுகளில் இருந்தவர். ஐம்பது வயசு இருக்கும், கோட்டும் தலைப்பாவும் போட்டிருப்பார். என் அப்பாவுக்கு முதுகு போனபோது மலை வேலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கய்யாவிடம் பேசி, தேயிலை ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். பையன்களை உள்ளே அனுப்பிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவரோ என் நாற்காலியை எடுத்து வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீங்க பாட்டுக்குக் கேளுங்க டீச்சர். நான் சும்மா இருக்கேன்."

டாக்டருக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. கங்காணியைப் பார்த்துச் சிரித்தார்.

முதலில் வந்தவனுக்குப் பதினான்கு வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் என்னிடம்தான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தான். உதடு அதற்குள் கறுத்திருந்தது. பெயர், வயது, எந்த லயம், ஒரு நாளைக்கு எத்தனை பீடி எல்லாம் கேட்டாயிற்று. ஏழாவது கேள்வி: முதல் பீடியை யார் கொடுத்தது?

"கங்காணி ஐயாதான் டீச்சர் குடுத்தாங்க" என்றான் பையன்.

"எங்க வச்சு?"

"மலையிலதான். பத்து மணிக்கு. காலையில அஞ்சு மணிக்கு ரொட்டி தின்னுட்டுப் போறோம்ல, பத்து மணிக்கெல்லாம் வயிறு கிள்ளும். லயத்துக்கு எறங்கித் தேத்தண்ணி குடிச்சிட்டு ஏறினா வெட்டு கொறஞ்சு போகும். அதுக்குத்தான் ஐயா ஆளுக்கு ஒரு பீடி குடுப்பாங்க. இழுத்துக்க, பசி தெரியாதும்பாங்க. நெசமாவே தெரியாது டீச்சர்."

வாசலில் கங்காணி தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான் செய்தார். அதட்டவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.

டாக்டர் பேனாவோடு காத்திருந்தார்.

"நண்பன் கொடுத்தானாம்" என்று நான் இங்கிலீஷில் சொன்னேன்.

அந்த நொடியில் நான் யோசித்தது என் அப்பாவின் முதுகைத்தான் என்று பிறகு பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. என் வேலையையும் யோசித்தேன். அந்த நாற்காலியையும் யோசித்தேன். லயத்திலிருந்து படித்து வந்து நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் நான். டாக்டர் தாளில் ஒரு கட்டத்துக்குள் சரி போட்டார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டோம்.

அதற்குப் பிறகு சுலபமாகிவிட்டது. இரண்டு நாளில் பதினான்கு பேர் வந்தார்கள். சிலர் அப்பாவின் துண்டுப் பீடியைப் பொறுக்கிப் பிடித்தவர்கள். மற்றவர்கள் எல்லாம் கங்காணி என்றார்கள், அல்லது வாசலைப் பார்த்துவிட்டு, "மலையில கெடைக்கும்" என்றார்கள். எல்லாருக்கும் நான் நண்பன் என்று சொன்னேன். ஒரு தடவைகூட என் குரல் தடுமாறவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் உடம்பு எரிகிறது.

மூன்றாம் நாள் என் தம்பி வந்தான். கையில் தேயிலைக் கறை, தலையில் சாக்குக் கொங்காணி. பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். ஏழாவது கேள்விக்கு வாசலைத் திரும்பியே பார்க்காமல், "கங்காணி" என்றான். ஐயா என்றுகூடச் சேர்க்கவில்லை.

"நண்பன்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

அவனுக்கு நான்தான் வீட்டில் கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்த வார்த்தையும் அதில் இருந்தது. அவன் முகம் மாறியது.

"அக்கா, நான் அப்பிடிச் சொல்லலையே."

டாக்டர் நிமிர்ந்தார். "என்ன சொல்கிறான்?"

"நான் அவனுடைய அக்கா என்று சொல்கிறான்" என்றேன்.

டாக்டருக்குச் சந்தோஷம். அவனோடு கை குலுக்கினார். என் தம்பி கையைக் கொடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பீடி இல்லாமல் இருந்து பார்த்திருக்கிறாயா என்பது கடைசிக் கேள்வி. தம்பி அதற்கு நிதானமாகப் பதில் சொன்னான். பெரிய வெள்ளியிலிருந்து சாமிக்காக விட்டுப் பார்த்தானாம். முதல் நாள் தலை சுற்றியது. இரண்டாம் நாள் யாரைப் பார்த்தாலும் அடிக்கலாம்போல இருந்தது. மூன்றாம் நாள் கை நடுங்கி, சோற்றைப் பிசையக்கூட முடியவில்லை. இதை மட்டும் நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். டாக்டர் தாளின் பின்பக்கம் முழுவதும் எழுதினார்.

பிறகு அவர் எனக்கு விளக்கிச் சொன்னார். பெரிய டாக்டர்மார் இதை வெறும் பழக்கம் என்கிறார்கள், அவருக்கு அப்படித் தோன்றவில்லை. புகையிலையில் இருக்கிற சத்து உடம்புக்குள் போய்ப் போய், உடம்பே அதைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. சின்ன வயதில் தொடங்கினால் பிடி இன்னும் இறுக்கம். அப்படிப்பட்டவனைத் திட்டியோ வெட்கப்படுத்தியோ திடீரென்று நிறுத்தச் செய்யக் கூடாது, உடம்பு எதிர்த்துக்கொள்ளும் என்றார்.

இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். போய் என்ன செய்தேன்? தம்பியைத் திட்டினேன். அவன் என்னைப் பார்த்த பார்வை தாங்க முடியாமல், அவன் வாயைத் திறப்பதற்குள் நான் கத்தத் தொடங்கினேன்.

"கொழும்பு டாக்டர் முன்னால என் மானம் போச்சு. பீடி நாத்தத்தோட வந்து உக்காந்திருக்கே. படிச்ச வீடுன்னு சொல்லிக்க முடியுதா? ஒனக்கு வெக்கமா இல்ல?"

அவன் மடியிலிருந்த பீடிக்கட்டை எடுத்து அடுப்பில் போட்டான். "சரி, இனிமே தொட மாட்டேன். நீ கத்தாத" என்றான். அம்மா அடுப்படியில் இருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

அவன் பீடியை விட்ட நான்காம் நாள் காலை பதினொரு மணிக்கு அவனை நான்கு பேர் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு வந்தார்கள். இடது கையில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கத்தி எலும்புவரைக்கும் போயிருந்தது. மூன்று வருடமாகக் கத்தி பிடித்தவன், ஒரு நாளும் வெட்டுப்பட்டதில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது தையல் போட்டு முடித்திருந்தார்கள். உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. வெட்டுக்காயத்தாலா, பீடி இல்லாததாலா என்று எனக்குத் தெரியவில்லை.

"கை ஆடிக்கிட்டே இருந்துச்சு அக்கா. கிளையப் பிடிச்சேன், நிக்கல."

அவன் பக்கத்தில் கங்காணி உட்கார்ந்திருந்தார். கோட்டெல்லாம் ரத்தம். அவர்தான் தலைப்பாவை அவிழ்த்துக் கையைக் கட்டியவர். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பீடியை எடுத்துத் தன் வாயில் வைத்துப் பற்றவைத்து, அதைத் தம்பியின் உதட்டில் வைத்தார். தம்பி கண்ணை மூடி இழுத்தான். நான்கு இழுப்பு. நடுக்கம் அடங்கியது.

"பாத்தீங்களா டீச்சர்" என்றார் கங்காணி. "இந்தப் பயலுக எல்லாரையும் எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் எப்பிடிப் பழகுச்சுன்னு நெனைக்கிறீங்க? எங்க கங்காணி குடுத்ததுதான். நான் செத்தா போயிட்டேன்?"

அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. அந்த மனிதருக்குத் தான் கெடுதல் செய்வதாகவே தெரியவில்லை. அவரை அறைய வேண்டும்போல இருந்தது. அறைந்திருந்தால் அதைவிடப் பெரிய அறை எனக்கு விழ வேண்டும் என்றும் தெரிந்திருந்தது.

மறுநாள் சனிக்கிழமை. டாக்டர் இறம்பொடைப் பக்கத்துத் தோட்டங்களை முடிப்பதற்காக இன்னும் நுவரெலியாவில்தான் தங்கியிருந்தார். காலை பஸ்ஸைப் பிடித்து அவர் தங்கியிருந்த விடுதிக்குப் போனேன். முன்பக்கத்தில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் எழுந்து நின்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பையன்கள் என்ன சொன்னார்கள், நான் என்ன சொன்னேன், வாசலில் யார் உட்கார்ந்திருந்தது, தம்பியின் கை. ஒரு முறைகூடக் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு எங்கள் தோட்டத்துத் தாள்களை எடுத்து, ஏழாவது கேள்வியை எனக்குத் திருப்பிக் காட்டினார். அதற்குக் கீழே மூன்று கட்டங்கள் இருந்தன. நண்பன். வீட்டார். கடை.

"நீ உண்மையைச் சொல்லியிருந்தாலும் நான் எங்கே குறித்திருப்பேன்?" என்று கேட்டார்.

"ஓரத்தில் எழுதலாமே."

"ஓரத்தில் எழுதுவதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அதோடு இந்தத் தாள்களை உன் துரை பார்த்துவிட்டுத்தான் தந்தார். கங்காணி என்று எழுதியிருந்தால் தாளே என்னிடம் வந்திருக்காது. வேறு எந்தத் தோட்டமும் கதவைத் திறந்திருக்காது."

"அப்படியென்றால் எதற்குக் கேட்டீர்கள்?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்றவைத்தார். இழுத்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். அந்த மூன்று நாளும் என் பள்ளிக்கூடத்தில் அவர் ஒரு சிகரெட்டும் பிடிக்கவில்லை. அடிக்கடி வெளியே போய் வந்தது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"உங்களுக்கு முதலில் கொடுத்தது யார்?" என்று கேட்டேன். அப்படிக் கேட்கிற துணிச்சல் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

"பிணத்தை அறுத்துப் படிக்கிற அறையில், எங்களுக்குப் பாடம் சொல்லித்தந்தவர்" என்றார். "வாடை தெரியாமல் இருக்க. எல்லா மாணவர்களுக்கும் அப்படித்தான்."

"அது இந்த மூன்றில் எது?"

அவர் என் தம்பியின் தாளைத் தேடி எடுத்து, ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. பேனாவை விட்டுவிட்டு, அழிக்கக்கூடிய பென்சிலை எடுத்தபோதே எனக்குப் போதும் என்றாகிவிட்டது. ஆராய்ச்சி அச்சானதும் ஒரு பிரதி அனுப்புவதாகச் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன். அவர்மேல் இருந்த கோபத்தில் பாதியை என்மேல் இறக்கி வைத்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன்.

தம்பியின் கை ஆறிற்று, ஆனால் கட்டைவிரல் முழுக்க மடங்கவில்லை. இரண்டு மாதத்தில் மறுபடி மலைக்குப் போனான். என்னோடு பேசினான், சிரித்தான். நான் மாற்றிச் சொன்ன அந்த வார்த்தையைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை.

சொன்னபடியே, ஒரு வருடம் கழித்துத் தபாலில் அந்தப் புத்தகம் வந்தது. மெல்லிய புத்தகம், பச்சை அட்டை. முன்பக்கத்தில் உதவி செய்த உள்ளூர் ஆசிரியைக்கு நன்றி என்று போட்டிருந்தது. உள்ளே, லயத்துப் பையன்கள் பெரும்பாலும் கூடாத சேர்க்கையால்தான் புகைக்கப் பழகுகிறார்கள் என்றும், தாய்மார் வேலைக்குப் போய்விடுவதால் கண்காணிப்பு இல்லை என்றும், வீட்டில் ஒழுக்கம் சொல்லிக் கொடுத்தால் குறையும் என்றும் எழுதியிருந்தது. கையில் அடங்காத நடுக்கத்தைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க இருந்தது. பத்து மணி என்கிற சொல் எங்கேயும் இல்லை.

நான் அதைத் தூக்கி எறிந்திருக்கலாம். சாயந்தரம் பீலியில் பெண்கள் தண்ணீர் பிடிக்க நிற்கிற நேரத்தில் அதை எடுத்துக்கொண்டு போனேன். என் அம்மாவும் வரிசையில் இருந்தாள். நின்றபடியே அந்தப் பக்கங்களைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். தாய்மார் கண்காணிப்பு இல்லை என்ற இடத்தில் யாரோ குடத்தை டங்கென்று கீழே வைத்தார்கள். வாசித்து முடித்துவிட்டு, இதில் இருப்பது நான் சொன்ன பொய் என்றேன். கங்காணி, பத்து மணி, எல்லாம் சொன்னேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"எங்களுக்குத் தெரியாதாக்கும்?" என்றாள் என் அம்மா. கன்னத்தில் ஒதுக்கியிருந்த பொயிலையைத் துப்பிவிட்டுப் பேசினாள். "எங்களுக்கு யாரு இதப் பழக்குனா? பதினோரு வயசுல மொதக் கூடையத் தூக்குனேன். பசின்னு அழுதேன். கணக்கப்புள்ளதான் ஒரு துண்டக் கிள்ளிக் கையில குடுத்தாரு, அடக்கிக்கன்னு. இன்னைக்கும் இது இல்லாட்டி ஒரு கொழுந்து கிள்ள முடியாது. ஒங்க டாக்டரு எங்களக் கேட்டாரா?"

கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. வீட்டில் தினமும் அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். தம்பியின் பீடி நாற்றத்துக்கு மானம் போனதென்று கத்தியவள். அங்கே நின்ற அத்தனை பெண்களின் கன்னமும் ஒரு பக்கம் உப்பியிருந்தது. அதில் என்னிடம் படித்த, பதினைந்து வயதுகூட ஆகாத இரண்டு பேரும் இருந்தார்கள்.

"நம்ம காலம் போகட்டும்" என்றாள் ஒருத்தி. "இப்ப மலைக்கு ஏறுற புள்ளைகளுக்கு என்ன பண்ணலாம், அதச் சொல்லுங்க."

அம்மாதான் சொன்னாள். "பசிக்குத்தான பீடி? பத்து மணிக்கு மலைக்கே தேத்தண்ணி போகட்டும்."

அடுத்த வாரம் கவ்வாத்து தொடங்கிய முதல் நாள், இரண்டு பெண்கள் அன்றைய கூலிக்குப் பேர் போடாமல் லயத்திலேயே நின்று ஒரு வாளி நிறையத் தேத்தண்ணி காய்ச்சினார்கள். ரொட்டியும் சுட்டு, துணியில் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறினார்கள். கங்காணி வழியை மறித்தார். வேலை நேரத்தில் மலைக்கு வாளி ஏறக் கூடாது என்றார். பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் இதைப் பார்த்தார்கள். என் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே சரிவில் உட்கார்ந்தாளாம். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

பிள்ளைகள் ஓடிவந்து என்னிடம் சொன்னார்கள். வகுப்பை விட்டுவிட்டு மலைக்கு ஏறினேன். நான் போய்ச் சேரும்போது துரையின் மோட்டார்சைக்கிள் ரோட்டில் நின்றது. கண்டாக்கும் கங்காணியும் இரண்டு பக்கமும் நின்றார்கள். துரை என்னைப் பார்த்ததும், "நல்லதாகப் போயிற்று, நீ வந்தாய். இவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேள்" என்றார்.

அம்மா எழுந்து நின்றாள். மழைத் தூறல் அவள் முகத்தில் வழிந்தது.

"எங்க புள்ளைக வாயில பொகை வேணாம், தண்ணி ஊத்தணும்னு சொல்லு. பத்து மணிக்கு ஒரு சொட்டுத் தேத்தண்ணி குடிக்க விடுங்கன்னு சொல்லு. பதிமூணு வயசுப் புள்ளைக்குப் பீடியக் குடுத்து வெட்டச் சொல்றது இந்தக் கங்காணிதான், அத எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்கன்னு சொல்லு. ஒம் பாட்டுக்கு மாத்திக்கிட்டுச் சொல்லாத."

கடைசி வரியைத் தவிர எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். கங்காணிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நான் பேசும்போது அவர் பக்கம் கையை நீட்டியது அவருக்குப் புரிந்தது. துரை முகம் சிவந்தது. தேயிலை விளைகிற தோட்டத்தில் தேத்தண்ணி கேட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது வெளியே போனால் நன்றாக இருக்காது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பத்து நிமிஷம் என்றார். பத்து நிமிஷத்துக்கு மேல் ஒரு நிமிஷமும் கிடையாது.

அந்த இரண்டு பெண்களும் வாளியைத் தூக்கிக்கொண்டு மலையில் ஏறினார்கள். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பத்து மணிக்குத் தேத்தண்ணி போயிற்று. பிறகு தினமும் போனது.

எனக்கு அந்த மாதக் கடைசியில் கடிதம் வந்தது. பாடசாலை நேரத்தில் வகுப்பை விட்டு வெளியேறியதால் என் சேவை இனித் தேவையில்லை. ஒரே வரி. அதைத் தட்டச்சு செய்து கொடுத்த கிளாக்கர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவை ஸ்டோரிலிருந்து எடுக்கவில்லை. கங்காணி அதைச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. அம்மாவும் அவரைக் கண்டால் வேறு பாதையில் போய்விடுவாள். பங்குச் சாமியார் மறுபடி சிபாரிசு செய்து ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தார்.

டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நடந்ததை எழுதி, மூன்று கட்டத்தோடு நான்காவது ஒன்று போடச் சொன்னேன். பதில் வந்தது. நல்ல பதில், மரியாதையான பதில், அடுத்த முறை யோசிக்கலாம் என்ற பதில். அடுத்த முறை என்று ஒன்று எங்கள் பக்கத்தில் நான் பார்க்கவில்லை.

அந்த வருடம் புதிதாக மலைக்கு ஏறிய பையன்கள் நான்கு பேர். அதில் மூன்று பேர் பீடியைத் தொடவில்லை என்று அம்மா சொல்லி அனுப்பினாள். நான்காமவன் தொட்டுவிட்டான், அவனுக்கு அப்பாவின் துண்டுப் பீடி வீட்டிலேயே இருந்தது.

என் தம்பி எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்கு வருவான். கோயிலில் பூசை முடிவதற்கு முன்னாலேயே எழுந்து வெளியே போவான். நான் வெளியே வரும்போது சுவரோரமாக நின்று பீடி இழுத்துக்கொண்டிருப்பான். கல்யாணம் ஆகி, பெண்சாதி மாசமாக இருந்தபோது ஐந்து மாதம் விட்டிருந்தான். குழந்தை பிறந்ததும் அந்தச் சந்தோஷத்தில் என்னிடம் அதைத்தான் முதலில் சொன்னான். அதற்குப் பிறகு வந்த கவ்வாத்தில் மறுபடி தொடங்கிவிட்டான்.

"பத்து மணிக்கு வாளி வருதுதானே?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டு வாசலில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தவனிடம் கேட்டேன்.

"வருது அக்கா. ரெண்டு டம்ளர் குடிக்கிறேன். ரொட்டியும் திங்கிறேன். பசியே இல்ல." மடங்காத கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆனாலும் அந்த மலையில ஏறி கத்தியப் பிடிச்சதும், இந்தக் கை தானா மடிக்குப் போகுது. நான் போகச் சொல்லல. அதுவா போகுது. எத்தன தடவ விட்டுப் பாத்துட்டேன்."

அவனைத் திட்ட வாய் வந்தது. உள்ளே போய் சோற்றைப் போட்டுக் கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தேன். அவன் பீடியை முடித்துவிட்டு வரும்வரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.